பின்முற்றத்து மண்ணும் அண்ணன் தருவதாகச் சொன்ன இன்டர்லாக்கும்

எங்கள் பக்கம் கையில் நாலு காசு புரண்டால் முதலில் மாறுவது முற்றம்தான். தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் பார்க்கலாம். வீடு பழைய ஓட்டு வீடாகவே இருக்கும்; முற்றம் மட்டும் சாம்பலும் சிவப்புமாக இன்டர்லாக் என்கிற கான்கிரீட் கல் பதித்துப் பளிச்சென்று கிடக்கும். இதில் எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள கன்னியாகுமரி மாவட்டம் இது. ஜூனில் தென்மேற்கு தொடங்கும். அது ஓய்ந்து நாம் மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்து நிற்கும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் இன்னும் கூடுதல். செம்மண் சேறு காலோடு அடுக்களை வரை வந்து, துடைத்துத் துடைத்து இடுப்பு ஒடிந்தவர்களுக்குத்தான் இன்டர்லாக்கின் அருமை தெரியும். ஆனால் போன விடுமுறைக்கு வந்த அண்ணன் எங்கள் பின்முற்றத்தைப் பார்த்துச் சொன்ன ஒரு பேச்சு மட்டும் எனக்குச் செரிக்கவே இல்லை. அண்ணன் என்றால் சித்தப்பா மகன், குவைத்தில் இருக்கிறார்.

“எதுக்கு பிள்ளே இந்தச் சகதியைக் கட்டிக்கிட்டு அழுதுட்டு கெடக்க? முழுசா இன்டர்லாக் போட்டிருவோம். கோழியை வித்துரு. நாயை முன்னால கட்டு. ரூவா நான் தாரேன்.”

வெறுமனே குறை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் பணம் தருகிறேன் என்றார். அதுவும் சும்மா அல்ல. அந்த ஜூன் மழையில்தான் அம்மா துணி துவைக்கிற கல்லுப் பக்கம் வழுக்கி விழுந்திருந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் இடுப்பில் கன்றிப்போன இடம் நீலம் மாறிப் பச்சை ஆகி, எண்ணெய் காய்ச்சிப் போட்டுப் போட்டு வீடே வேப்பெண்ணெய் வாசம் அடித்தது. எழுபதைத் தாண்டிய பெண்மணியை வழுக்குகிற முற்றத்தில் நடக்கவிட்டு, கோழிக்காக மண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று எந்த மகள் வாதாடுவாள்? அண்ணன் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் என்னைப் படுத்தியது. முழு அநியாயத்தை எதிர்ப்பது சுலபம்.

எங்களுடையது பன்னிரண்டு சென்ட். வீடு போக மீதியில் பெரும்பகுதி பின்னால்தான். கிணறு, துவைக்கிற கல், அதன் கழிவுநீர் போய்ச் சேரும் மட்டி வாழைக் கூட்டம், வயதான ஒரு பிலாமரம், அதன் கீழே கோழிக்கூடு. எட்டுப் பெட்டைக்கோழி, ஒரு சேவல், எங்கள் நாய் கருப்பி. திங்கள்சந்தைக்கு மீன் வாங்கப் போன அம்மா, கட்டைப்பையில் ஒரு பக்கம் சாளையும் மறுபக்கம் குட்டியுமாகத் திரும்பி வந்த நாளிலிருந்து கருப்பி இங்கேதான். அந்தச் சாளை வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம்.

அயனிப் பலகையும் இரண்டு ஷிப்டும்

ஒக்கி புயலைப் பற்றி எங்கள் மாவட்டத்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று எங்களுக்கு விழுந்தது ஒரு அயனி. பிலா தப்பித்தது. விழுந்த மரத்தை அறுத்து அடுக்கிய பலகை, பின் சாய்ப்பில் பல்லி முட்டைக்கு இடம் கொடுத்துக்கொண்டு நெடுநாள் கிடந்தது. அயனி லேசில் உளுக்காது, கரையான் எளிதில் தொடாது. தோணி கட்ட எடுக்கிற மரம். அதை விறகாக்க மனம் வராமல் கோழிக்கூடு ஆக்கினோம். என் வீட்டு வேலைகளிலேயே எனக்குத் திருப்தியானது அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூடு தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், கால் வைத்து நிற்கிறது. மழை பெய்தால் கோழிகள் ஒதுங்குவது கூட்டுக்குள் அல்ல, கூட்டுக்கு அடியில். உள்ளே தரைச் சட்டங்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டிருப்பதால் எச்சம் கீழே விழுந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் மரத்தூளோடு சேர்த்து வாரிக் குழியில் போட்டால் போதும். அந்த எரு சூடு கூடியது. மக்காமல் நேரே வாழை மூட்டில் போட்டால் வேர் கருகிவிடும். மேலே தகர ஷீட். வெயிலுக்கும் மழைச் சத்தத்துக்கும் அதன் மேல் ஓலை. பக்கவாட்டில் மேல் பாதி முழுக்க வலை. ஆசாரி, குளிர் அடிக்கும் என்று நாலு பக்கமும் பலகை அடிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. இந்த ஊர் ஈரத்தில் கூட்டை அடைத்து மூடினால் எச்சத்தின் அம்மோனியா நெடியில் கோழிக்குச் சளி கட்டும். இறகு உள்ள பிராணிக்கு நம்முடைய குளிர் ஒரு குளிரே அல்ல.

வலை விஷயத்தில் ஒரு வார்த்தை. கோழி வலை என்று கடையில் எடுத்துத் தருகிற அறுகோண வலை, கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும். வெளியிலிருந்து வருவதை அது நிறுத்தாது. மரப்பட்டி என்கிற மரநாய் பல்லால் கவ்வி இழுத்தால் பிய்ந்துவிடும். பாம்பு அந்தக் கண்ணி வழியே தாராளமாக நுழையும். அரை இஞ்ச் வெல்ட் மெஷ் விலை கூடுதல்தான். ஆனால் காலையில் கூட்டைத் திறந்து இறகை மட்டும் பார்த்த யாரும் அந்த விலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். கூட்டை ஒட்டி அடைத்த சின்ன வெளியில், வலையைத் தரையோடு முடிக்காமல் வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கி, மண்ணுக்குக் கொஞ்சம் கீழே படுக்கவைத்திருக்கிறோம். தோண்டி நுழைய வருகிற பெருச்சாளியோ கீரியோ வலையின் அடியிலிருந்துதான் தோண்டத் தொடங்கும். ஒன்றரை அடி பின்னால் போய்த் தொடங்கலாம் என்று அதற்குத் தோன்றாது.

ராத்திரிக்கு இது போதும். பகலுக்குப் போதாது. மரப்பட்டியும் பாம்பும் ராத்திரி ஷிப்ட் என்றால், கீரியும் பிராந்தும் (பருந்து) பகல் ஷிப்ட். கோழி மேய வெளியே வந்த பிறகு எந்தக் கூடும் அதைக் காப்பாற்றாது. அங்கேதான் கருப்பிக்கு வேலை. ஆனால் நாய் தானாகக் கோழிக்குக் காவல் நிற்கும் என்பது கதைகளில்தான். ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருக்கிறது. கோழியோ பயந்தால் ஓடத்தான் செய்யும். ஒரு தடவை துரத்திப் பிடித்து ருசி கண்டுவிட்டால் அப்புறம் திருத்துவது மிகக் கடினம். பக்கத்து வீட்டு மாமி, செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிடச் சொன்னார். பழைய வைத்தியம். எனக்கு அது ஒப்பவில்லை. குட்டியாக இருந்தபோதே வலைக்கு இந்தப் பக்கம் சங்கிலியில் கட்டிப்போட்டு, நான் அருகில் உட்கார்ந்து கீரை ஆய்வேன், தேங்காய் உரிப்பேன். கோழியைப் பார்த்து எழுந்தால் ஒன்றும் கிடைக்காது. பார்த்தும் படுத்துக்கிடந்தால் ஒரு துண்டுக் கருவாடு. நாட்கள் போகப் போகக் கோழி கருப்பிக்குச் சலித்துப் போயிற்று. நமக்கு வேண்டியது அந்தச் சலிப்புதான். பாசம் எல்லாம் வேண்டியதில்லை. இப்போது கீரி வாடை வந்தால் எல்லை மண்சுவரான கையாலைப் பக்கம் பாய்ந்து போய்க் குரைப்பாள். கோழி அவள் மேலேயே ஏறி நடந்தாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள்.

நோய்க்கு மட்டும் நாயும் கூடும் உதவாது. வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் தெருவில் ஒரு கோழி மிஞ்சாது. கால்நடைத் துறை பிப்ரவரி வாக்கில் நடத்துகிற இலவசத் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள். கருப்பிக்கு வருடந்தோறும் ரேபிஸ் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து. கோழி எச்சத்தை அவள் தின்னாமல் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை என்பதால் பூச்சி மருந்தில் மட்டும் கறாராக இருக்கிறேன்.

பிலாமர மூட்டில் ஒரு குழி

அண்ணன் பார்த்து முகம் சுளித்தவற்றில் முதலாவது இந்தக் குழி. கோடையில் கருப்பி குளிர்ச்சிக்காகப் பிலாமர மூட்டில் தோண்டிப் படுத்த இடம் அது. கொஞ்ச நாளில் கோழிகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. காலையில் பனி காய்ந்த பிறகு ஒவ்வொன்றாக வந்து இறங்கும். ஒரு கோழி மண் குளிப்பதை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? முதலில் அலகால் சுற்றியுள்ள மண்ணைத் தன் பக்கமாக இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு பக்கமாகச் சரிந்து, சிறகை விரித்து, காலால் பொடிமண்ணை அள்ளி இறகுக்குள் எத்தி எத்தி விடும். கழுத்தைத் தரையில் வைத்துத் தேய்க்கும். கண் பாதி மூடியிருக்கும். அந்த நேரம் யார் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஐந்தாறு நிமிடம் அப்படியே செத்ததுபோல் கிடந்துவிட்டு, எழுந்து உடம்பை ஒரு உதறு உதறினால் அரை ஆள் உயரத்துக்குத் தூசி எழும். இறகில் மிஞ்சிய எண்ணெய்ப் பசையும் பேனும் செள்ளும் அந்தத் தூசியோடு போய்விடும். அடுப்புச் சாம்பலை நான் அந்தக் குழியில்தான் கொட்டுகிறேன். பேன் தொல்லை அதிகம் வந்ததில்லை. மதியம் கோழிகள் நிழலுக்குப் போனதும் கருப்பி வந்து அதே குழியில் சுருண்டுகொள்வாள். முறை வைத்துக் கொடுத்தது யார் என்று தெரியாது.

எங்கள் கோழிகளில் ஒன்றுக்குக் கால் நல்ல மஞ்சள். நாட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்று படித்திருப்போம். ஆனால் அந்த மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தச் சாம்பல் காட்டுக்கோழி தூரத்துச் சொந்தம் அல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன். இதைப் படித்த பிறகு, என் கோழி பிலாச் சருகை இரண்டு காலாலும் மாறி மாறிப் பின்னுக்கு எத்தி, ஒரு அடி பின்வாங்கி, தலை சாய்த்து, கிடைத்ததைக் கொத்துவதைப் பார்க்கும்போதெல்லாம், காட்டுத் தரையைக் கிளறுவதற்கென்றே அமைந்த கால் இது என்று தோன்றும். அந்தக் காலுக்குக் கீழே கான்கிரீட் கல்லைப் பதித்துவிட்டுத் தீவனத்தைத் தட்டில் வைத்தால் அது முட்டை போடாமல் இருக்காது. போடும். ஆனால் நாள் முழுக்கச் செய்ய அதற்கு வேறு வேலை இல்லாமல் போய்விடும். வேலை இல்லாத கோழி பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கும்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னால் எடுபடுமா? “கோழிக்குப் பொழுதுபோக்கா?” என்பார். சொல்லவில்லை.

டேப்பின் மறுமுனை

அண்ணனே ஆளைச் சொல்லி அனுப்பிவிட்டார். மார்த்தாண்டம் பக்கத்துப் பையன், இன்டர்லாக் வேலையை மொத்தமாக எடுத்துச் செய்கிறவர். சாம்பிள் கல் இரண்டு கொண்டு வந்திருந்தார். ஆள் நடக்கிற இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம் போதும், கார் ஏறுகிற இடம் என்றால் 80 வேண்டும், அடியில் பாறைப்பொடி போட்டு இடித்து இறுக்க வேண்டும் என்று விளக்கினார். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையோடு கிணற்றைத் தாண்டிப் போனார். கருப்பி ஒரு முறைப்போடு பின்னாலேயே போனாள். அளவு பாதி முடிவதற்குள் வேளிமலைப் பக்கம் இருண்டு, சத்தம் முதலில் வந்தது, மழை பின்னால் வந்தது. டேப்பைச் சுருட்டக்கூட நேரமில்லாமல் இரண்டு பேரும் சாய்ப்புக்குள் ஓடினோம்.

பேச ஒன்றும் இல்லாததால் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுபக்கத்து வீட்டில் போன வருடம்தான் முழுக்கக் கல் பதித்திருந்தார்கள். மதிலுக்கு மேலாகப் பார்த்தால், அங்கே விழுந்த தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் ஒரே விரிப்பாக ஓடி, கேட்டுக்கு அடியில் புகுந்து ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் முற்றத்தில் அடுக்களை வாசலிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து துவைக்கிற கல்லுக்கும் போகிற வழியில் செந்தண்ணீர் குளம் கட்டி, மேலே குமிழி விட்டுக்கொண்டு கிடந்தது. அம்மா விழுந்தது அந்த வழியில்தான். ஆனால் பிலாமரத்தடியில், கோழி நாளெல்லாம் கிளறிப் போட்ட இடத்தில், தண்ணீர் தேங்கவே இல்லை. சருகு நனைந்து படிந்திருந்தது, அவ்வளவுதான். அத்தனை மழையும் எங்கே போகிறது என்று ஒரு நிமிடம் விளங்கவில்லை. மண்ணுக்குள் போகிறது, வேறெங்கே?

அந்தப் பையன் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா, கல்லு பதிக்கறது பெரிய காரியம் இல்ல. இந்த வெள்ளத்தை எந்தப் பக்கம் விடணும்னு நீங்க சொல்லணும். அஞ்சடிக்கு ஒரு இஞ்ச் சரிவு வைக்கணும். தாழ்ந்த பக்கம் அந்தக் கையாலைதான்.” கையாலைக்கு அந்தப் பக்கம், இரண்டு ஆள் தாழ்வில், மாமியின் மரச்சீனி (மரவள்ளி) விளை. இத்தனை சென்ட் தண்ணீரையும் திரட்டி அந்த மண் கையாலையில் விட்டால் ஒரே மழைக்காலத்தில் இடிந்து மாமியின் கிழங்கின் மேல் விழும். முன்பக்கம் திருப்ப வேண்டுமானால் முற்றம் முழுக்க மண் அடித்து உயர்த்த வேண்டும். அப்படிச் செய்தால் அடுக்களைப் படி மண்ணுக்குள் போய்விடும். 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கூரைத் தண்ணீருக்காகக் கிணற்றோரம் ஒரு குழி எடுத்திருந்தோம். அது கூரைத் தண்ணீருக்கே சரியாகிவிடும். முற்றத்துத் தண்ணீரை இத்தனை நாளும் மண்தான் வாங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கணக்கு எழுதத் தோன்றவில்லை யாருக்கும்.

மழை விட்டதும் கடப்பாரையை எடுத்துக் குத்திப் பார்த்தேன். பிலாமரத்தடியில் வெறும் கை அழுத்தத்துக்கே ஒரு சாண் இறங்கியது. கிணற்று வழியில் விரற்கடை கூட இறங்கவில்லை. ஆக, சேறு கோழியால் வந்தது அல்ல. தினமும் குடத்தோடும் வாளியோடும் நடந்து நடந்து நாங்கள் இறுக்கிய மண்ணில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலே நிற்கிறது. வழுக்குவது எங்கள் தடம். கோழியின் இடத்தில் வழுக்கல் இல்லை. எனக்கு வேண்டிய முடிவுக்கு நானே சாட்சி தேடுகிறேனோ என்ற சந்தேகமும் வந்தது; கோழி கூடுதலாக இருந்தால் இதே கதை மாறும் என்பதும் தெரியும். எட்டுக்குப் பதில் நாற்பது கோழியை இதே இடத்தில் விட்டால் ஒரு பருவத்தில் புல், சருகு, புழு எல்லாம் தீர்ந்து அதுவும் சகதியாகும். இப்போதே கூட்டு வாசலில் கோழிகள் கூடி நிற்கிற நாலு சதுர அடி சேறுதான். உரித்த தேங்காய் மட்டையைக் கவிழ்த்துப் பரப்பித்தான் சமாளிக்கிறேன். ஆனாலும் கடப்பாரை காட்டியது பொய்யில்லையே.

அம்மாவிடம் போய் இதை விளக்கினேன். அவர் அரிசி களைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். “எனக்கு விழாம நடக்கணும். அவ்வளவுதான். கல்லா மண்ணான்னு நீயும் அவனும் அடிச்சுக்கிடுங்க.”

வேலை அந்த வார்த்தைப்படியே நடந்தது. அடுக்களை வாசலிலிருந்து கிணறு வரை, கிணற்றிலிருந்து துவைக்கிற கல் வரை, மூன்றடி அகலத்தில் ஒரு நடை. அதற்கு இன்டர்லாக் வேண்டாம் என்று பையனே சொன்னார். நிழலில் பாசி பிடித்தால் அதுவும் வழுக்கும், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கல் பாளம் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, அதில் சல்லி நிரப்பினோம். துவைக்கிற கல்லுப் பக்கம் அம்மா பிடித்துக்கொள்ள ஜி.ஐ. பைப்பில் ஒரு கைப்பிடி. மீதி முற்றம் அப்படியே மண். பணம் அண்ணனுடையதுதான், வாங்காவிட்டால் கோபித்துக்கொள்வார் என்பதால் வாங்கிக்கொண்டேன். நடையைச் சுற்றிய மண்ணைக் கோழிகள் கிளறிக் கல்லின் மேல் எறிகின்றன. தினமும் காலையில் பெருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறையை அண்ணனிடம் நான் வாயே திறந்து சொன்னதில்லை. கைப்பிடியில் சேவல் ஏறி உட்கார்ந்து கூவுவதையும் சொல்லவில்லை.

வீடியோ காலில் காட்டச் சொன்னார். காட்டினேன். “பாதிக்கு மேல இன்னும் மண்ணாத்தான கெடக்கு” என்றார். தக்கலைக்காரருக்குப் பத்மநாபபுரம் அரண்மனையை நினைவூட்டினேன். அங்கே நவராத்திரி மண்டபத்துக் கறுப்புத் தரையில் முகம் பார்க்கலாம். சுண்ணாம்பும் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது என்று சுற்றிக்காட்டுகிறவர்கள் சொல்வார்கள். “மகாராஜாவுக்கே தரை போட கோழி வேண்டியிருந்துச்சு அண்ணே. நீங்க தரை போட கோழியை விக்கச் சொல்லுதீங்க.” சிரித்தார். விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது முன்முற்றத்தையாவது முடித்துவிடுவோம் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். முன்னால் கோழி போவதில்லை, கார்தான் ஏறுகிறது. எனக்கு மறுப்பு இல்லை. 80 மில்லிமீட்டர் கல் வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். தண்ணீரை எந்தப் பக்கம் விடுவது என்று கேட்டதற்கு, வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.